வேளை கெட்ட சங்கு

‘முடியாது’ என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்காக யாராவது மாநிலம் விட்டு மாநிலம் போவார்களா? போனில் சொன்னால் போதும் என்றார் என் கணவர். ஆனால் அவர்கள் கோலார் தங்கவயலிலிருந்து திருச்சிக்கு எங்கள் வீட்டுக்கே வந்து, பூவும் பழமும் வைத்துப் பெண் கேட்டுவிட்டுப் போனவர்கள். மறுப்பதானாலும் அவர்கள் வாசலுக்குப் போய்த்தான் மறுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கல்லூரியில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

என் மகள் அபிநயாவும் அந்தப் பையன் ஜோயலும் பெங்களூரில் ஒன்றாகப் பொறியியல் படித்தவர்கள். ஜோயல் இப்போது பீரங்கிப் படையில் கேப்டன். வேறு மதம் என்பதை ஜீரணிக்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. சீருடையை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போன மாதம் அபிநயா தோழிகளோடு வடக்கே ஒரு மலை ஊருக்குச் சுற்றுலா போனாள். சாலையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது துப்பாக்கிகளோடு நாலைந்து பேர் வந்து சுட ஆரம்பித்தார்கள். அவள் விறகுக் குவியலுக்குப் பின்னால் படுத்துக் கிடந்து தப்பினாள். அவளிடம் சர்க்கரை டப்பாவைக் கேட்டு வாங்கிய பக்கத்து மேசைக்காரர் தப்பவில்லை. சுட்டவர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்து அனுப்பியது எல்லைக்கு அப்பாலிருக்கும் அரசுதான் என்று நம் அரசு சொன்னது. நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அபிநயா வீடு வந்து சேர்ந்த அன்று டிவி முன்னால் நின்றுகொண்டு, “இந்தத் தடவை சும்மா விடக்கூடாது, அடிக்கணும்” என்று கத்தினேன். போர்வைக்குள்ளிருந்து அவள் கேட்டாள்: “அடிக்கப் போறது யாரும்மா? ஜோயல் மாதிரி ஆளுங்கதானே?” அவன் அப்போது எல்லையில்தான் இருந்தான். அன்றைக்கே முடிவு செய்தேன். பட்டாளம் போய் அடிக்கட்டும். அதில் என் மருமகன் இருக்கவேண்டாம்.

பெங்களூரிலிருந்து மாலை ரயில். தங்கவயலிலிருந்து தினமும் வேலைக்கு வந்து திரும்புகிறவர்களின் ரயில் அது. காலியாகக் கிடந்த ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே தொப்பி போட்ட ஒருவர் இருமினார்.

“மேடம், அது சரோஜாக்கா எடம்.”

“ரிசர்வேஷன் இல்லாத ரயில்தானே?”

“ரிசர்வேஷன் இல்லதான். ஆனா எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடிலேர்ந்து அவங்க அங்கதான் குந்துறாங்க.”

சரோஜாக்கா வந்தார். கனத்த உடம்பு, கையில் காய்கறிப் பை. என்னை எழுப்பவில்லை. இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, மடியில் பீன்ஸைக் கொட்டி, பாதியை என் புடவை மேல் தள்ளினார். “சும்மா குந்தினு வர்றதுக்கு நார் எடுங்க.” எங்கள் ஊர்ப் பக்கம் முன்பின் தெரியாத ஒருவருக்கு வேலை கொடுக்க இவ்வளவு துணிச்சல் யாருக்கும் கிடையாது. எனக்குப் பிடித்திருந்தது.

ஒயிட்ஃபீல்டு தாண்டுவதற்குள் பேச்சு பதிலடியில்தான் வந்து நின்றது. அந்த வாரம் நாடு முழுக்க வேறு பேச்சு ஏது?

“மொதல்ல அவனுக்குப் போற ஆத்துத் தண்ணிய நிறுத்தணும்” என்றார் தொப்பிக்காரர்.

“பங்காருப்பேட்டை ஸ்டேஷன் குழாய்ல தண்ணி வந்து வாரமாவுது. அத மொதல்ல வுடச் சொல்லு” என்றார் சரோஜாக்கா. பெட்டியே சிரித்தது.

கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் மட்டும் சிரிக்காமல், “அடிக்கறது சரி அண்ணா. யாரு அனுப்பினாங்கனு உலகத்துக்குக் காட்டிட்டு அடிக்கலாமில்ல?” என்றார்.

“நீ காட்டிகினு இரு. அவன் அதுக்குள்ள அடுத்த பேட்ச்ச அனுப்பிடுவான்.”

“அடிச்சா மட்டும் அனுப்பாம இருப்பானா? போன தடவையும் அடிச்சோமே!”

“அடிக்காம இருந்தா அனுப்ப மாட்டானா? அத சொல்லு நீ.”

அந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் நானும் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது யாரோ சிப்ஸ் பாக்கெட்டைத் தட்டி உடைத்தார்கள். நான் குனிந்து தலையைக் கையால் மூடிக்கொண்டிருந்தேன். எப்போது குனிந்தேன் என்றே தெரியவில்லை. சுட்டபோது அங்கே இருந்தவள் அபிநயா; குனிந்தது நான். பீன்ஸெல்லாம் தரையில். சரோஜாக்கா என் முதுகில் கையை வைத்தார். பிறகு எழுந்து நின்று கத்தினார்: “டேய், பாக்கெட்ட கையால பிரிடா! தின்னத் தெரியாதவனே!”

பங்காருப்பேட்டைக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. வெகுநேரம் நின்றது. எதிர்த் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் மெதுவாகக் கடந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் தார்ப்பாய் போர்த்திய ராட்சச லாரிகள், சக்கரம் மட்டும் தெரிந்தன. “நம்மூரு வண்டி” என்றார் ஒருவர் தாழ்ந்த குரலில். தங்கவயலில் இராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. கடைசிப் பெட்டி போகும்வரை தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

பங்காருப்பேட்டையில் ஒருவர் பானிபூரிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். சரோஜாக்காவின் தம்பியாம். அந்த ஊர் பானிபூரித் தண்ணீருக்கு நிறமே கிடையாது. குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. வேதியியல் படித்த திமிரில் ஒரு மடக்கு குடித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. “அதான் எங்கூரு” என்றார் சரோஜாக்கா.

ஜோயலின் அம்மா ரோஸ்லின் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். ஒல்லியான, வேகமான பெண்மணி. “வாங்க சம்பந்தி!” என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டார். ராபர்ட்சன்பேட்டையில் லாட்ஜ் போட்டிருக்கிறேன் என்றேன். “லாட்ஜா? இன்னா சம்பந்தி இது, ஊரு சிரிக்கும்” என்று ஆட்டோக்காரரிடம் தங்கள் வீடிருக்கும் பாலகாட் பகுதிக்குப் போகச் சொல்லிவிட்டார். அவர் சம்பந்தி என்று சொல்லும்போதெல்லாம் நான் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

பாலகாட்டில் பழைய சுரங்கத்துக்கு எதிரே வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள். ஓர் அறை வீட்டை முன்னாலும் பின்னாலும் நீட்டி மூன்று அறையாக்கியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒன்று கவனித்தேன். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு படம்கூட இல்லை. ஜோயலின் சீருடைப் படம், கல்யாணப் படம் எல்லாம் தாழ்ந்த ஒரு மேசைமேல் நின்றன. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடிக்கும். வீடு குலுங்கிப் படம் தலையில் விழும். அதனால் மேலே மாட்டமாட்டார்கள் என்றார் ரோஸ்லின். சுரங்கம் மூடி வெகுகாலமாகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை.

ஜோயலின் அப்பா தாஸ், அந்த வண்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிவி சத்தத்தைவிட உரக்கப் பேசுபவர். இரவுச் சாப்பாட்டுக்குக் களியும் மட்டன் குழம்பும். களியை மெல்லக்கூடாது, உருட்டி விழுங்கவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் மென்றேன். “திருச்சிக்காரங்களுக்குப் பல்லு மேல ஆசை” என்றார்.

சொல்ல வந்ததை அன்றைக்குக் களியோடு விழுங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை ரோஸ்லினோடு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட். பூதிகோட்டையிலிருந்து வந்த தக்காளி கூடை கூடையாகச் சிவந்து கிடந்தது. ரோஸ்லின் ஒரு கடையில் தெலுங்கில் விலை கேட்டு, அடுத்த கடையில் கன்னடத்தில் திட்டி, மூன்றாவது கடையில் தமிழில் வாங்கினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனது. பிற்பகல் போர் ஒத்திகை. சங்கு ஊதினால் எல்லாரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தவேண்டும். ரோஸ்லின் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, “கொத்தமல்லி வாங்கலயே” என்று திரும்பி ஓடினார்.

வரும் வழியில் சயனைடு மேடுகளைப் பார்த்தேன். தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், மலையாக நிற்கிறது. காற்றடித்தால் வெள்ளைத் தூசி கிளம்பி வீடுகளுக்குள் இறங்குகிறது. சயனைடு எப்படித் தங்கத்தைக் கரைக்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். மிச்சம் எங்கே போகும் என்று எழுதியதில்லை. தங்கம் வாங்கியவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். தூசியைத் துடைக்கிறவர் ரோஸ்லின்.

மதியச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். “நான் சம்மதம் சொல்ல வரலைங்க. ஜோயல் தங்கமான பையன். ஆனா என் பொண்ணு ஒரு தடவை துப்பாக்கிச் சத்தத்துல மாட்டி வந்திருக்கா. வாழ்நாள் முழுக்க அவ போனைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருக்கிறதை என்னால பார்க்க முடியாது.”

தாஸ் டிவியை நிறுத்தினார்.

“அடிக்கணும்னு சொன்னீங்கனு அபிநயா சொல்லுச்சே?”

“சொன்னேன். இப்பவும் சொல்றேன்.”

“அப்ப யாரு போவணும் மேடம்?” அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார். “நான் வெல்டிங் வச்ச வண்டி மேலதான் பீரங்கி போவுது. அந்த வண்டி போற எடத்துக்கு ஊரான் புள்ளைய அனுப்பிட்டு என் புள்ளைய ஊட்ல வச்சிக்கினா நல்லாவா இருக்கும்?”

“எனக்கு ஒரே பொண்ணு சார்.”

“எனக்கு மட்டும் டஜனா கீது?”

“அட, வுடுய்யா” என்றார் ரோஸ்லின். என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். “வேணாம்னா வேணாம். அதுக்காவ சோறு போடாம இருப்பனா? சாப்டுங்க டீச்சர்.”

டீச்சர். நேற்றிலிருந்து சம்பந்தியாக இருந்தவள் ஒரு கரண்டிக் குழம்பில் டீச்சர் ஆகிவிட்டேன். நான் கேட்டது அதுதான். ஆனாலும் சுருக்கென்றது.

அப்போது சங்கு ஊதியது.

நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். அதே வேகத்தில் ரோஸ்லின் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினார், கரண்டியோடு, செருப்பில்லாமல். “உள்ள வாங்க! உள்ள வாங்க!” என்று நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். தெருவைப் பார்த்தால் வீட்டுக்கு ஒருவராகப் பெண்கள் ஓடுகிறார்கள். எல்லாரும் நடு வயதைத் தாண்டியவர்கள். ஒருவர் தலையில் பாதி எண்ணெய். ஒருவர் கையில் அரிவாள்மணை. எல்லாரும் ஒரே திசையில் ஓடி, மூடிக்கிடக்கும் பழைய சுரங்கத்தின் துருப்பிடித்த கேட்டின்முன் போய் நின்றார்கள்.

ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒத்திகைக்காரர் ஒருவர் விசிலோடு ஓடிவந்தார். “ஒளகட ஹோகி அம்மா! உள்ள போங்க! சைரன் அடிச்சா உள்ள போவணும்னு காலைலேர்ந்து சொல்றமே!”

“உள்ள போறதா?” என்றார் அரிவாள்மணைக்காரர் மூச்சு வாங்க. “உள்ள மாட்டிக்கினவங்களுக்காவதானே சங்கு!”

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அய்ய, ஆள மேல ஏத்தற கேஜ் நின்னு எத்தினி வருசமாச்சு! யாரு மேல வர்றாங்கனுடி ஓடியாந்தோம்?”

“உன் மாமியாரு வருவாங்க, இரு.”

சிரிப்பு என்றால் அப்படியொரு சிரிப்பு. கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரோஸ்லின் கரண்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். ஒத்திகைக்காரரும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

திரும்பி நடக்கும்போது ரோஸ்லின் சொன்னார். “ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும், அது நேரத்துக்கு ஊதும். வேளை கெட்ட நேரத்துல ஊதினா கீழ பாறை வெடிச்சிருச்சுனு அர்த்தம். ஊரே கேட்டுக்கு ஓடும். நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒரு தபா எங்கப்பா மொதல் கேஜ்லயே மேல வந்துட்டாரு. நான் ‘ஊட்டுக்குப் போலாம்மா, பசிக்குது’ன்னேன். எங்கம்மா முதுகுல ஒண்ணு வச்சாங்க. கடைசி ஆளு மேல வர்ற வரிக்கும் யாரும் போவக்கூடாது. மேல வந்தவனும் போவக்கூடாது. எங்கப்பாவும் எங்க பக்கத்துலயே குந்தினு இருந்தாரு, மூஞ்சி கழுவாம.”

“எல்லாருமா?”

“எல்லாருந்தான். தன் ஆளு வந்துட்டானுட்டுப் போனா, அடுத்தவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

மூன்றாம் நாள் பிற்பகல் எனக்குத் திரும்பும் ரயில். ஆனால் அன்று விடிந்தபோது தெருவே டிவி முன்னால் இருந்தது. நம் படை எல்லை தாண்டி அடித்துவிட்டது. ஆயுதப் பயிற்சி முகாம்கள் தகர்ந்தன என்றார்கள். அந்தப் பக்கமிருந்து பதிலுக்குக் குண்டுகள் விழத் தொடங்கிவிட்டன என்றும் சொன்னார்கள். தாஸ் கையைத் தட்டினார். நானும் தட்டினேன். பொய் சொல்லமாட்டேன், அந்தச் சர்க்கரை டப்பா மனிதர் நினைவுக்கு வந்தார்; நெஞ்சு நிறைந்தது.

பிறகு ரோஸ்லின் ஜோயலுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

காப்பி நேரத்துக்குள் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்த வட்டாரத்திலிருந்து படைக்குப் போன பிள்ளைகளின் வீட்டார் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ரோஸ்லின் பெரிய அலுமினியக் குண்டானை அடுப்பிலேற்றினார். நான் வெங்காயம் உரித்தேன். டிவியை யாரோ வாசலுக்குத் திருப்பி வைத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு வீடு இடிந்து குழந்தை ஒன்று இறந்ததாக அந்த நாடு சொல்கிறது என்றார்கள் செய்தியில்.

“பொய்” என்றார் தாஸ்.

“பொய்யாவே இருக்கட்டும்” என்றார் ரோஸ்லின் குண்டானைக் கிளறிக்கொண்டே. “நெசமா இருந்தா? அந்தப் பக்கமும் எவளோ ஒருத்தி இப்படித்தான் குந்தினு இருப்பா.”

“அவங்கதானே ஆள அனுப்பினாங்க?”

“அனுப்பினவன் பொண்டாட்டி ஏசி ரூம்ல தூங்குவா. நான் சொல்றது வேற ஒருத்திய.”

“அப்ப அடிச்சது தப்புன்றியா?”

“எப்பய்யா சொன்னேன் தப்புனு? அடிச்சது சரிதான். எங்க நிறுத்தறதுனும் தெரிஞ்சிருக்கணும்.”

வெங்காயம் உரித்துக்கொண்டே நானும் அதைத்தான் யோசித்தேன். கொலைகாரனை ஓர் அரசே அனுப்பும்போது எந்த ஊர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது? அங்கே எந்த நீதிமன்றம் அவனைக் கூண்டில் ஏற்றும்? கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அடுத்த தேநீர்க் கடைக்கு ஆள் வருவான். அதனால் அடித்தது நியாயம் என்றே இப்போதும் எழுதுகிறேன். அனுப்பியவன் யாரென்று தெரிந்து, அவனைப் பார்த்து அடித்து, போதும் என்ற இடத்தில் நிறுத்தும்வரை நியாயம். ஆனால் இதைத் திருச்சியில் டிவி முன்னால் சொன்னபோது மிகச் சுலபமாக இருந்தது. பாலகாட் தெருவில், அணைத்து வைத்த போன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அதே வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிந்தது. கனத்தது.

புதிதாக வந்து உட்கார்ந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, “உங்க புள்ள எந்த யூனிட்டு?” என்று கேட்டார். ரோஸ்லினின் கரண்டி நின்றது. இவங்க டீச்சர், விருந்தாளி என்று அவர் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது.

“எனக்கும் ஜோயல்தாங்க” என்றேன் நான் முந்திக்கொண்டு. “என் பொண்ணுக்குப் பார்த்திருக்கு.”

ரோஸ்லின் என்னைப் பார்க்கவில்லை. குண்டானைத்தான் பார்த்தார். “வெங்காயம் ஆச்சா சம்பந்தி?” என்றார்.

மதியம் தாண்டி அவர் போன் அடித்தது. “மா, நல்லாக் கீறேன். வச்சிடறேன்.” அவ்வளவுதான். தாஸ் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். குழாயில் வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ரோஸ்லின் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த பந்திக்குத் தட்டு கழுவப் போனார். நாற்காலிகளில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

ரயிலுக்கு நேரமானது. என் பை வாசலில் தயாராக இருந்தது. ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவரும் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வண்டியை அணைத்துவிட்டு வந்து ஒரு தட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அபிநயாவிடமிருந்து போன். “அம்மா! ஜோயல் பேசிட்டானாமே! நீ ரயில் ஏறிட்டியா? அவங்ககிட்ட… சொல்லிட்டியா?”

தூரத்தில் ரயில் கூவியது. என் பையை எடுத்து உள்ளே, கட்டிலுக்கடியில் வைத்தேன்.

“லைன்ல இருக்காதே, வைம்மா” என்றேன். “இங்க இன்னும் ரெண்டு பேர் வீட்டுக்குப் போன் வரலை.”